கிழக்கே பார்த்த ஆன்டெனா

1

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு மலை தெரியும். மலேசியாவில், கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு வெளியே இருக்கிறது வீடு. மலை உச்சியில் பாதி நாள் மேகம்தான். மேகம் விலகினால் ஒரு கோபுரம் நிற்கும். இந்த வட்டாரத்துக்கு இத்தனை வருஷமாகத் தொலைக்காட்சி அங்கிருந்துதான் வந்தது. சமீபத்தில் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் புது முறைதான், அதற்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும், வயதானவர்களுக்கு இலவசம் என்றார்கள்.

நிறுத்துவதற்கு முன்பே அந்தப் பெட்டிக்காக அலுவலகத்துக்குப் போனேன். அடையாள அட்டையில் ஒரு பெயர், மின்சார பில்லில் வேறு பெயர் என்று முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டுக் காகிதங்களில் சில இடங்களில் என் அப்பா பெயர் என் பெயராகிவிட்டது. சில இடங்களில் நானே அப்பா. இரண்டாம் தடவை போனபோது கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் என் டிவியில் இப்போது என்ன குறை என்று கேட்டாள். ஒரு உருவத்தின் பக்கத்தில் நிழல்போல இன்னொரு உருவம் விழுவதை எங்கள் படிப்பில் பேய் என்போம். அதை அப்படியே மலாயில் பெயர்த்து, "என் டிவியில் பேய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறாமல், "அதற்கு நாங்கள் பெட்டி தருவதில்லை, பெரியவரே" என்றாள். முப்பது வருஷம் இங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனின் மலாய் இந்த அழகில் இருக்கிறது.

ஒளிபரப்பு நின்ற அன்று பிற்பகல், பழைய டிவியைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பேத்தி யாழினி உள்ளே வந்தாள். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இவள் இங்கே கல்லூரியில் படிப்பதால் என்னோடு இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. இதை அவள் படிக்கப்போவதில்லை என்பது எனக்கு ஒரு வகையில் வருத்தம், ஒரு வகையில் நிம்மதி.

"தாத்தா, ஒண்ணும் வராத டிவிய ஏன் இப்படி உத்துப் பாக்குறீங்க?"

"ஏதாவது வருமான்னு பாக்கறேன்."

"அதான் நிறுத்திட்டாங்களே. எங்கிருந்து வரும்?"

கிட்டத்தட்ட இதே கேள்வியை நான் ஒரு மனிதரிடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பிறகு இதே புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2

எழுபத்துநாலாம் வருஷம், வெயில் ஏற ஆரம்பித்த சமயம். எனக்குச் சொந்த ஊர் படாளம். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் இயற்பியல் சோதனைச்சாலையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். எம்.எஸ்சி. முடித்த கர்வம் உடம்பில் இருந்து இறங்காத வயசு. ஒரு நாள் வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியுமாக ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கம்பளியில் சுற்றிய ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ரேடியோ கடைக்காரன் உங்கிட்ட அனுப்சான். இது பினாங்குல நல்லா வந்துகினு இருந்தது. கப்பல்ல ஏதோ அடிபட்ச்சி போல. படம் வரல."

கம்பளியைப் பிரித்தார். தொலைக்காட்சிப் பெட்டி. புத்தகத்தில் குறுக்குவெட்டுப் படமாக மட்டும் நான் பார்த்திருந்த பொருள். கடைக்காரன் வேடிக்கைக்குத்தான் அனுப்பியிருந்தான். அது அவருக்குத் தெரியவில்லை. பின்மூடியைக் கழற்றி, இணைப்புகளைப் பார்த்து, மின்சாரம் கொடுத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. திரையில் புள்ளிகள் பொங்கின.

"பெட்டியில ஒரு குறையும் இல்ல பாய்."

"அப்ப படம்?"

"படம் அனுப்பறதுக்கு இங்க நிலையம் இல்லியே. டெல்லியில இருக்கு, பம்பாயில இருக்கு. மதராஸுக்கு இன்னும் வரல. எங்கிருந்து வரும்?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டு ரேடியோவுல சிலோன் வருது. லண்டன் வருது. பினாங்கு கூட நானே புட்ச்சிக் கேட்டிருக்கேன். அதுவும் காத்துல வருது, இதுவும் காத்துலதான வருது? இது மட்டும் ஏன் வராது?"

அவர் பெயர் பஷீர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் ஒரு சின்னக் கடைத்தெருவில் வீடு. பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஊரோடு திரும்பியிருந்தார். திரும்புகிறவர்கள் துணி, குடை, தைலம், தையல் மிஷின் என்று கொண்டுவருவார்கள். இவர் கையிலிருந்ததை எல்லாம் இந்தப் பெட்டியில் போட்டிருந்தார்.

நான் பொறுமையாக விளக்கினேன். ரேடியோ அலை வானத்தில் முட்டித் திரும்பும். தொலைக்காட்சி அலை அப்படித் திரும்பாது, நேர்கோட்டில் ஓடி வெளியே போய்விடும். கண் பார்வைக்கு எட்டும் தூரம்தான் அதற்கும்.

"செரி. பினாங்குக்கும் எங்க ஊருக்கும் நடுவுல இன்னா கீது? கடல்தான கீது? மறைக்க ஒரு மரங்கூட இல்லியே வாத்தியாரே."

"பூமி உருண்டை பாய்."

"உருண்டைன்னா ரேடியோவுக்கும் உருண்டைதான? வானத்துல முட்டுதுன்ற. இதையும் என்னிக்காவது ஒரு நாள் முட்ட வுடாதா அந்த வானம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று மாலை கல்லூரி நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். தூசி படிந்த ஒரு தடித்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி இருந்தது. மேல் வானத்தில், சில பருவங்களில், சில நாட்களில், ஒரு அடுக்கு திடீரென்று கெட்டிப்படும். அது சில நிமிஷம் கண்ணாடிபோல நிற்கும். அப்போது தொலைக்காட்சி அலையும் முட்டித் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, யாரும் எதிர்பாராத இடத்தில் இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். பஷீர் பாய் வாசலுக்குப் போய் மேலே பார்த்தார்.

"கண்ணாடின்ற."

"சில நாள். சில நிமிஷம்."

"போதும் வாத்தியாரே. யாரு அத தொடைச்சி வெக்கிறாங்களோ, நம்ம பக்கமும் ஒரு நாள் தொடைக்க மாட்டாங்களா?"

3

அவர் மனைவி கதீஜா அக்கா. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசுவார், ஆனால் பேசுவது தெருமுனை வரை கேட்கும்.

"தம்பி, தையல் மிஷின் கேட்டேன். இந்தப் பொட்டிய தூக்கியாந்தாரு. மிஷின் வந்திருந்தா இந்நேரம் தெருவுக்கே ஜாக்கெட் தெச்சிருப்பேன். இது மேல துணி போட்டு மூடி வெச்சிக் கீறேன். பூன குந்திக்கிது."

பஷீர் பாய்க்கு ஊரில் வேறு பெயரே வந்துவிட்டது: டப்பா பாய். பக்கத்துக் குப்பத்து எத்திராஜ் அவருக்குப் பால்ய சிநேகிதன், கட்டுமரத்தில் போகிறவன். வழியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா பாய், டப்பா இன்னா சொல்லுது? பினாங்குல மழையா வெயிலா?" என்பான்.

அவர் ஏன் அதைக் கொண்டுவந்தார் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். பினாங்கில் கடை முதலாளி ஒரு டிவி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் தமிழில் செய்தி வரும். ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு, பெட்டிக்குள் உட்கார்ந்து தமிழ் பேசும். "அத்தினி பேரு வேற பாஷ பேசுற ஊருல, வாத்தியாரே, அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா எனக்கு வூட்ல யாரோ கூப்புட்ட மாதிரி இருக்கும். கதீஜாவுக்கு லெட்டர்ல எழுதுனேன். பொட்டிக்குள்ள பொம்பள தமிழ் பேசுதா, நல்லா கத வுடுறீங்கன்னு பதில் எழுதுச்சி. அத ஒரு தடவ இதுங்கிட்ட காட்டிடணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். தான் சொன்னது கதையில்லை என்று மனைவி கண்ணால் பார்க்க வேண்டும்.

அவர் கையில் ஒரு கடிகாரம் இருந்தது. நம்மூர் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். இறங்கி வந்த நாளிலிருந்து அதை அவர் திருப்பி வைக்கவில்லை. யாராவது மணி கேட்டால் மனசுக்குள் கழித்துச் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு மணிக்கட்டைப் பார்த்து, "அங்க ஆறாயிட்ச்சி. கடையில வெளக்கு போட்ருப்பாங்க" என்பார். பெட்டியைப் போடுவார்.

4

ஆன்டெனாவை நான்தான் செய்தேன். கணக்குப் போட்டு, அலுமினியக் குழாய்களை அறுத்து, ஆளை விட நீளமான மூன்று குறுக்குத் தண்டுகளை ஒரு நடுத்தண்டில் பொருத்தினேன். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, ஏரோப்ளேன பார்ட் பார்ட்டா கழட்டிகினு போறியா? மேல கட்டு. வழியில றெக்க கிக்க வுழுந்தா நான் பொறுப்பில்ல." திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஒவ்வொரு மரக்கிளைக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது.

கம்பத்துக்கு எத்திராஜ் ஒரு நெட்டைச் சவுக்குமரத்தைக் கொடுத்தான். பாய்மரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. கொடுத்துவிட்டு வாய் சும்மா இருக்கவில்லை. "மீனுக்கு வலை, படத்துக்குக் கம்பியா? படம் வராத நாளுல இதுல கருவாடு காயப் போட்டுக்கலாமா பாய்?"

"போட்டுக்க. ஆனா கிழக்கால பாத்து போடு."

கம்பி கடலைப் பார்க்க நின்றது. பட்டை ஒயர் ஜன்னல் வழியாகப் பெட்டிக்கு இறங்கியது. சில வாரங்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு விடுமுறை நாட்களில், காற்றே இல்லாத ஒரு பிற்பகல். கதீஜா அக்கா தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு மதுராந்தகம் போயிருந்தார். எத்திராஜ் கடலுக்குப் போயிருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியைப் போட்டார். வழக்கமான புள்ளிகள். நான் விசிறிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். புள்ளிகளுக்குள் ஏதோ ஒன்று சாய்வாக நகர்ந்தது. கறுப்புக் கோடுகள், மேலிருந்து கீழே வழிவதுபோல. நான் எழுந்து ஓடினேன். ஒரு குமிழைத் திருப்பினேன். கோடுகள் கூடின, பிரிந்தன, கூடின. ஏதோ ஒரு வட்டம் திரையில் உருண்டு உருண்டு விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினேன். நின்றது.

கடிகாரம். வெறும் ஒரு கடிகார முகம், திரை நடுவில். விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. மணி ஆறாகப் போகிறது.

பஷீர் பாய் தன் மணிக்கட்டைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அவர் கையிலிருந்த முள்ளும் கண்ணாடிக்குள் இருந்த முள்ளும் ஒரே இடத்தில் இருந்தன. வெளியே வாசலில் நான்கு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த கண்ணாடிக்குள் அந்தி ஆறு மணி. வங்காள விரிகுடா முழுக்கத் தாண்டி, கப்பல் ஒரு வாரம் எடுக்கும் தூரத்தை ஒன்றுமே இல்லாததாக ஆக்கி, இன்னொரு ஊரின் நேரம் இந்த அறைக்குள் நின்றது.

கடிகாரம் மறைந்தது. ஒரு முகம் வந்தது. பொட்டு. காதோரம் பூ. உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை.

"இந்தப் பொண்ணுதான்! வாத்தியாரே, இதேதான்! நான் தெனம் பாத்த பொண்ணு!"

குரல் பின்னால் வந்தது. படத்தைச் சுமக்கும் அலை முதலில் இறங்கும், ஒலியைச் சுமக்கும் அலைக்குக் கண்ணாடி இன்னும் கெட்டிப்பட வேண்டும் என்று பின்னர் படித்தேன். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. இரைச்சலுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல, ஒரு பெண்குரல் மேலே ஏறி வந்தது. தமிழ். ரப்பர் விலை பற்றி ஏதோ சொன்னது. கெடாவில் மழை என்றது. மதராஸில் இன்னும் தொலைக்காட்சியே கிடையாது. ஓட்டு வீட்டுக்குள், மீன் வாடையும் உப்புக் காற்றும் அடிக்கும் அறையில், ஒரு தமிழ் முகம் எங்களைப் பார்த்துத் தமிழ் பேசிக்கொண்டிருந்தது. நான் கையைக் கூப்பியிருந்தேன். எப்போது கூப்பினேன் என்று தெரியாது.

குரல் முதலில் போனது. பிறகு முகம் கரைந்தது. பொட்டு மட்டும் கொஞ்ச நேரம் கறுப்புப் புள்ளியாக நின்று, மற்ற புள்ளிகளோடு சேர்ந்துவிட்டது.

பஷீர் பாய் குமிழைத் திருப்பிப் பெட்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கதீஜா இல்லாம பூட்டுதே."

5

அவர் கடைத்தெரு முழுக்கச் சொன்னார். மறுநாள் நான்கு மணிக்கு வீடு கொள்ளாத கூட்டம். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கூட்டம் குறைந்து, பிறகு சிரிப்பு மட்டும் மிஞ்சியது. மதுராந்தகத்திலிருந்து திரும்பிய கதீஜா அக்கா, திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. வந்துதா?"

"வந்தது அக்கா."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். நம்பலாமா என்று யோசிக்கிற பார்வை. அதுவே பஷீர் பாய்க்குப் போதுமானதாக இருந்தது. அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

அந்த வருஷம் கரையோரத்தில் கள்ளக்கடத்தல் சோதனை பலமாக நடந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்து ஒரு நெட்டைக் கம்பம், அதில் விநோதமான கம்பிகள், கீழே வெளிநாட்டுப் பெட்டி. படகுகளுக்கு ஏதோ சமிக்ஞை போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலையில் பெட்டியையும் பஷீர் பாயையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆன்டெனா செய்தவன் என்று எனக்கும் ஆள் வந்தது.

நான் போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டி மேஜைமேல் இருந்தது. கதீஜா அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசல்படி ஓரம் நின்றார். எத்திராஜும் குப்பத்து ஆட்கள் சிலரும் வெளியே. என்னைப் பார்த்ததும் பஷீர் பாயின் முகம் மலர்ந்தது. சாட்சி வந்துவிட்டது என்ற மலர்ச்சி.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்: "உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். இந்தக் கம்பியில வெளிநாட்டிலேர்ந்து ஏதாவது வந்துதா?"

"சொல்லு வாத்தியாரே," என்றார் பஷீர் பாய்.

நான் அப்போதுதான் பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டிருந்தேன். பஷீர் பாயிடமும் சொல்லியிருந்தேன். போலீஸ் விசாரணைக்கு அந்தக் காகிதம் எந்த மேஜைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வேலை அரசாங்க மானியத்தில் ஓடும் கல்லூரியில். கடலைப் பார்த்துக் கம்பி நட்டவன் நான்.

"இல்லை," என்றேன். "வராது. வரவும் முடியாது. நான் ஆரம்பத்திலேயே அவரிடம் சொன்னேன்."

கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல கையெழுத்தில் எழுதித் தந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியைத் தட்டினார். "எடுத்துக்கினு போ பாய். உள்ள தண்ணி ஊத்தி மீன் வளத்துக்க." எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தான். கதீஜா அக்கா சிரிக்கவில்லை. அவர் என்னையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். பஷீர் பாய் பெட்டியைத் தனியாகவே தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று, "எத்திராசு, வாத்தியாருக்கு நாஸ்தா வாங்கிக் குடு. காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல போல, மூஞ்சி வெளுத்துக் கீது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. இந்தப் பெட்டி படத்தை வாங்கும், எதையும் அனுப்பாது, வானத்தின் தயவில் ஒரு நாள் வந்தது என்று சொல்லியிருந்தாலும் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன்.

6

எழுபத்தைந்தில் மதராஸில் நிலையம் வந்தது. கரையோரத்தில் அப்போது டிவி இருந்த ஒரே வீடு எனக்குத் தெரிந்து டப்பா பாய் வீடுதான். எத்திராஜ் வடக்கே பார்த்து இரண்டாவது கம்பம் நட்டான். பெட்டியை ஜன்னலில் வைத்து, முற்றத்து மணலில் குப்பமே வந்து உட்கார்ந்தது. டப்பா பாய் என்று சொன்னவர்கள் எல்லாம் பாய், பாய் என்றார்கள். நான் ஒரு நாள் கூட்டத்தின் கடைசியில் போய் நின்றேன். "வா வாத்தியாரே, குந்து," என்று பஷீர் பாய் கோரைப்பாயை நகர்த்தி இடம் கொடுத்தார். பழைய பேச்சை எடுக்கவே இல்லை.

"அந்தப் பழைய கம்பத்த எறக்கிடு பாய், காக்காதான் குந்துது," என்றான் எத்திராஜ்.

"குந்தட்டும்."

"இன்னும் பினாங்கு வரும்னு பாத்துகினு கீறியா?"

"நீ படத்தப் பாரு அண்ணாத்த."

எல்லோரும் வடக்குக் கம்பம் கொடுத்த படத்தைப் பார்த்தார்கள். கிழக்குக் கம்பம் பின்னால் இருட்டில் நின்றது.

எழுபத்தொன்பதில் எனக்குப் பினாங்கில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை கிடைத்தது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பஷீர் பாய் வந்திருந்தார். தங்க இடம் வேண்டுமே என்று பழைய முதலாளியின் கடை இருக்கும் தெருவைச் சொன்னார். "என் பேர சொல்லு, போதும்." ரயில் நகரும்போது ஜன்னலோடு கூட நடந்துகொண்டே, "அங்க வடக்கால ஒரு மலை கீது. மேல டவரு கீது. அதுலேர்ந்துதான் அந்தப் பொண்ணு வருது. பாத்தா எனக்கு ஒரு வரி எழுது" என்றார்.

அவர் பேரைச் சொன்னேன். மூன்று மாதம் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தது. மலையை முதல் வாரமே பார்த்தேன். எழுதவில்லை. டவரைப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதினால் அடுத்த வரியாக எதை எழுதுவது? அந்த அடுத்த வரிக்குப் பயந்து முதல் வரியையும் எழுதவில்லை. பிறகு கல்யாணம், குழந்தை, இந்த ஊரில் வீடு. தினமும் ஜன்னலில் அதே மலை. அவர் காலமானதை மாமல்லபுரத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் போகிற போக்கில் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

7

இதையெல்லாம் யாழினியிடம் சொன்னேன். அவள் பாதி கேட்கும்போதே கைப்பேசியை எடுத்துவிட்டாள். என் பேச்சு போரடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஊர் மாமல்லபுரம்தானே? கடை பேரு ஏதாவது தெரியுமா தாத்தா?"

"கடையெல்லாம் தெரியாது. பினாங்கிலேர்ந்து வந்தவர்."

"இந்தா, ‘பினாங்கு பாய் ஸ்டோர்’. தொப்பி, கண்ணாடி, கல்லு பொம்மை விக்கிறாங்க. நம்பர் இருக்கு."

ஒரு கம்பத்தை நட நாங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். யாழினி போட்ட வீடியோ அழைப்பை எடுத்தது பஷீர் பாயின் மருமகள். நான் யார் என்று சொன்னதும், "மாமி, யாரோ செங்கல்பட்டு வாத்தியாராம், மலேசியாவுலேர்ந்து" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். திரையில் சுவர், கூரை, தரை எல்லாம் ஓடின. பிறகு வெள்ளை முக்காட்டுக்குள் ஒரு முகம் வந்து நின்றது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கொஞ்சம் பின்னால் குரல் வந்தது.

"தல நரைச்சி பூட்ச்சி. மூக்கு மட்டும் அதே மூக்கு. நல்லா கீறியா தம்பி?"

இப்போது அவருக்குத் திரைச்சீலை எதுவும் இல்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் சொன்னது பொய். படம் வந்தது. பாய் சொன்னது அத்தனையும் நிஜம். நான் கூடவே இருந்து பாத்தேன். பயந்துகிட்டு இல்லேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

முகம் அசையாமல் இருந்தது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று யாழினியைப் பார்த்தேன்.

"இத சொல்லவா இத்தினி வருசம் கழிச்சி போன் பண்ண?"

"ஆமாங்க்கா."

"எனக்குத் தெரியும்பா. நான்தான் பாத்தேனே."

எனக்குப் புரியவில்லை.

"மெட்ராசு டிவி வந்துதே, அதுக்கு அடுத்த வெயில் காலம். அவரு தெனம் நாலு மணிக்கு அந்தக் கிழக்கு ஒயர மாட்டிப் பாப்பாரு. நான் மீன் ஆஞ்சிகினு இருந்தேன். கதீஜா, கதீஜான்னு ஒரே கூச்சல். தேளுதான் கொட்டிட்ச்சின்னு செதிலுக் கையோட ஓடுனேன். பொட்டிக்குள்ள அந்தப் பொண்ணு. பூ வெச்சிகினு, பொட்டு வெச்சிகினு. மூக்குத்தி கூட மின்னுச்சி. எங்கூட தமிழ்ல பேசுது."

"வேற யாரும் பாக்கலியா அக்கா?"

"கூப்புடத்தான் ஓடுனேன். எத்திராசு வூட்டுக்கு, கடைத்தெருவுக்கு, எல்லாரும் வந்து பாருங்கடான்னு கத்தணும்னு ஓடுனேன். வாசல்ல வந்து கைய புட்ச்சிகினாரு. வோணாம் கதீஜா, வாத்தியாரு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாரு, இப்ப நாம வந்துதுன்னு ஊரக் கூட்டுனா போலீசு அவரத்தான் இஸ்துகினு போவும், கேட்ட பாஸ்போட்டு வேற அவருக்கு இன்னும் வரல, வெளிய போவ வேண்டிய புள்ள, அவருக்கு பேஜாரா பூடும். நீ பாத்துட்ட இல்ல, போதும்னாரு. அந்தப் பேச்ச அதோட வுட்டாரு. எங்கியும் சொல்ல வுடல."

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் ஜன்னலோடு நடந்து வந்த அந்த முகம் என் கண்முன் நின்றது. அன்று அவரிடம் சாட்சி இருந்தது. கதை விடுகிறவர் என்ற பேச்சை ஒரே மாலையில் துடைத்துப் போட அவரால் முடிந்திருக்கும். என் ரயில் போக வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு, தங்க இடத்துக்குத் தன் பெயரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மேல் வானத்தின் அந்த அடுக்கைப் பற்றி நான் முப்பது வருஷம் வகுப்பெடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் அது எனக்குப் பிரமிப்பாகத்தான் இருந்தது. இதைக் கேட்ட பிறகு அந்தப் பிரமிப்பு எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

"அழுவாத தம்பி," என்றார் கதீஜா அக்கா. "அது கெடக்கு. அந்தப் பொண்ண அங்க பாத்தியா?"

"இல்லக்கா."

"இத்தினி வருசம் அங்கியே இருந்துகினு பாக்கலியா? அவரு இருந்தா முதல்ல அதத்தான் கேட்டிருப்பாரு." பிறகு கேமராவுக்கு மிக அருகில் வந்து, என் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அந்த மலை, அது தெரியுதா அங்கேர்ந்து?"

யாழினி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பிடித்தாள். மேகம் விலகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் மேல காட்டும்மா," என்றது குரல். "ஆங். அதோ. டவரு."

நான் எழுத வேண்டிய அந்த ஒரு வரியைப் பேத்தி கையால் காட்டிவிட்டாள். அடுத்த வரியை நானே எழுத வேண்டும். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால், வயதான யாருக்காவது டப்பா பாய் என்ற பெயர் இன்னும் நினைவிருந்தால், அவர்களுக்குச் சொல்கிறேன். அன்று ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்தது பொய். பினாங்குப் பக்கத்துப் படம் எழுபத்துநாலில் நம் கரைக்கு வந்தது. நான் பார்த்தேன். பிறகு ஒரு தடவையும் வந்தது. அதை அவர் மனைவி பார்த்தார்.